நேர்காணலுக்கு என்ன உடுத்துவது?

செய்தி வந்தது

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே பூமியைத் தோண்டித் தங்கம் எடுத்தார்கள். சுரங்க வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஏராளமான குடும்பங்கள் அங்கே போய்க் குடியேறின. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று. மக்கள் அங்கேயே இருந்தார்கள். இன்று அந்த ஊரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் எழுந்து, ரயில் ஏறி, பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

அந்த ஊரில் ஒரு குடும்பம். தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அப்பா பெங்களூரில் கட்டடங்களுக்கு வண்ணம் அடிக்கிறார். அம்மா வீட்டிலேயே ஊதுவத்தி உருட்டுகிறார். மகன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிப்பு முடித்தவன். மகள் பி.யு.சி. முடித்தவள். நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள ஆறு மாதப் பயிற்சியும் பெற்றவள்.

ஒரு மாலை மகளின் கைபேசிக்குச் செய்தி வந்தது. பெங்களூரில் உள்ள ஒரு மருத்துவமனை அவளை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. நோயாளி உதவியாளர் வேலை. அசல் சான்றிதழ்களும் நகல்களும் கொண்டு வர வேண்டும்.

அம்மா கைபேசியை வாங்கிப் பார்த்தார். செய்தி கன்னடத்தில் இருந்தது. ஆனால் எண்களை அவரே படித்தார். தேதி 14. நேரம் காலை 10 மணி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இதுகூடத் தெரியாது. முகம் மலர்ந்தது. அடுத்த நிமிடமே வாடியது.

“எதைப் போட்டுக்கிட்டுப் போவே?” என்றார்.

மகள் பதில் சொல்லவில்லை. அதையேதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூவாயிரம் ரூபாய்

மறுநாள் அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். கடைத்தெருவில் பார்த்த சுடிதார் பளபளவென்று இருந்தது. அதற்கு ஏற்ற செருப்பு. ஒரு கைப்பை. எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய். கையில் அவ்வளவு பணம் இல்லை. வட்டிக்கு வாங்கலாம். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி.

“வேலை கிடைச்சா ஒரே மாசத்துல கட்டிடலாம்” என்றார் அம்மா.

பக்கத்து லைனில் ஒரு மூதாட்டி இருக்கிறார். சுரங்க மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். எல்லாரும் அவரை நர்ஸ் அத்தை என்பார்கள். மகள் அவரிடம் ஓடினாள். அத்தை கைத்தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஒரு தாளும் பேனாவும் எடு” என்றார் அம்மாவிடம். “நீதான் இப்ப எழுதப் படிக்கத் தெரிஞ்சவளாச்சே. கணக்கு போடு.”

அம்மா எழுதினார். நூற்றுக்கு 5 ரூபாய் என்றால் 3,000 ரூபாய்க்கு மாதம் 150 ரூபாய் வட்டி. ஆறு மாதத்துக்கு 900 ரூபாய். ஒரு வருடத்துக்கு 1,800 ரூபாய். அதற்குப் பிறகும் 3,000 ரூபாய் அசல் அப்படியே நிற்கும்.

“வேலை கிடைச்சாலும் முதல் சம்பளம் மாசக் கடைசியிலதான் வரும்” என்றார் அத்தை. “முதல் நேர்காணல்லயே வேலை கிடைக்கும்னு யார் சொன்னா? கிடைக்கலைன்னா இந்த வட்டியை யார் கட்டுறது?”

அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“ஏழைன்னு நினைச்சுடுவாங்களே, அக்கா.”

“சிலர் நினைப்பாங்க. துணியோட விலையைப் பார்க்கிறவங்களும் இருக்காங்க. அவங்களுக்காக நாம கடன்காரி ஆக முடியாது. வேலை கொடுக்கிறவங்க பார்க்கிறது வேற. இந்தப் பொண்ணு சுத்தமா இருக்காளா? இந்த வேலைன்னா என்னன்னு இவளுக்குத் தெரியுமா? இந்த ரெண்டுக்கும் பதில் உடையிலேயே தெரியும்.”

வேலைக்கு ஏற்ற உடை

அத்தை மகளின் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெளிர் நீலத்தில் ஒரு பருத்திச் சுடிதார் இருந்தது. பயிற்சி வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போனது.

“இதுதான் சரி” என்றார்.

“பழசாச்சே அத்தை!”

“பழசுதான். கிழியலை. சாயம் போகலை. உனக்கு அளவாயிருக்கு. குனிஞ்சா நிமிர்ந்தா இழுக்காது. வேற என்ன வேணும்?”

பிறகு அத்தை ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார்.

நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். நீளமான நகத்தின் அடியில் அழுக்கும் கிருமியும் தங்கும். நோயாளியைத் தூக்கும்போது நகம் அவர் தோலைக் கீறும். நகப்பூச்சும் வேண்டாம்.

வளையல், மோதிரம் வேண்டாம். மருத்துவமனையில் அடிக்கடி கை கழுவ வேண்டும். வளையலுக்கும் மோதிரத்துக்கும் அடியில் சோப்பு சரியாகப் போகாது. அங்கே கிருமி தங்கிவிடும்.

முடியை இறுக்கிப் பின்னிக் கொண்டை போட வேண்டும். நோயாளியின் மேல் விழக்கூடாது. காயத்துக்குக் கட்டுப் போடும் இடத்தில் முடி விழக்கூடாது.

அத்தரும் சென்ட்டும் வேண்டாம். மூச்சிரைப்பு உள்ளவருக்கு அந்த வாசனை ஆகாது. வாந்தி வருகிறவருக்கும் ஆகாது. குளித்துவிட்டுத் துவைத்த துணி போட்டால் போதும்.

குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். இந்த வேலையில் நாள் முழுவதும் நிற்க வேண்டும், நடக்க வேண்டும். வழுக்காத, காலை மூடிய செருப்பு வேண்டும். மகளிடம் கறுப்பு நிறத்தில் ஒன்று இருந்தது. ஓரத்தில் தையல் விட்டிருந்தது. தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் தைத்துவிடுவார்.

துப்பட்டா தொங்கக்கூடாது. இரண்டு தோளிலும் மடித்துப் போட்டு ஊக்கு குத்த வேண்டும். தொங்கும் துப்பட்டா கட்டில் சக்கரத்தில் சிக்கும்.

“கேட்டியா?” என்றார் அத்தை அம்மாவிடம். “அந்தப் பளபளா சுடிதாரும் குதிகால் செருப்பும் வாங்கியிருந்தா, இவளுக்கு இந்த வேலையே தெரியாதுன்னு நினைச்சிருப்பாங்க.”

அம்மா தாளை நான்காக மடித்து வைத்துக்கொண்டார். வட்டிக்காரரிடம் போகவில்லை.

அண்ணனுக்கும் ஒரு பாடம்

மகன் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் அடுத்த வாரம் ஒரு பட்டறையில் செய்முறைத் தேர்வு இருந்தது.

“எனக்கு என்ன அத்தை? புதுச் சட்டை ஒண்ணு, கையில ஒரு காப்பு. போதுமா?”

“காப்பா? மெஷின்கிட்ட போறவனுக்குக் காப்பா?” என்று அத்தை அதட்டினார். சுரங்க மருத்துவமனையில் நசுங்கிய விரல்களுக்குக் கட்டுப் போட்ட கை அவருடையது.

சுழலும் இயந்திரம் தொங்குகிற எதையும் இழுத்துவிடும். தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, கைக்கயிறு, மோதிரம் எல்லாமே ஆபத்து. நம் நாட்டில் 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டமும் இதைச் சொன்னது. ஓடும் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுபவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும். அந்த உடையை முதலாளியே தர வேண்டும். அப்போதே சட்டத்தில் இப்படி எழுதி வைத்தார்கள்.

ஆகவே பிட்டர் வேலைக்குப் போகிறவர் அளவான சட்டை போட வேண்டும். அதைப் பேன்ட்டுக்குள் செருக வேண்டும். கைப்பொத்தானைப் போட வேண்டும். காலை முழுவதும் மூடிய தோல் ஷூ வேண்டும். இரும்புத் துண்டு காலில் விழுந்தால் ரப்பர் செருப்பு காப்பாற்றாது. முடி கண்ணில் விழாமல் வெட்டியிருக்க வேண்டும். கைக்கயிற்றையும் காப்பையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும்.

இருப்பதைச் சீராக்குவது

நேர்காணலுக்கு நான்கு நாள் இருந்தது. வேலைகளை நாள்வாரியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

முதல் நாள் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். எங்கே தையல் விட்டிருக்கிறது? எந்தப் பொத்தான் ஆடுகிறது? எங்கே கறை இருக்கிறது? சுடிதாரின் பக்கத் தையல் நான்கு விரல் நீளம் விட்டிருந்தது. அம்மா அதே நிற நூலால் தைத்தார். சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. அதை மாற்றினார்.

இரண்டாம் நாள் துவைத்தார்கள். சுடிதாரில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. குழம்பு பட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஈரத்தோடு அந்த இடத்தை மட்டும் வெயிலில் காட்டினார்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் மங்கிவிடும். மற்றத் துணியை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி நிழலில் உலர்த்தினார்கள். சாயத் துணியை நெடுநேரம் வெயிலில் போட்டால் வெளுத்துவிடும்.

தங்கவயலில் இன்னொரு சங்கடமும் உண்டு. தங்கம் பிரித்தெடுத்த மண் அங்கே குன்று குன்றாகக் கிடக்கிறது. சயனைடு மேடு என்பார்கள். காற்று அடித்தால் அந்தத் தூசி ஊர் முழுவதும் பறக்கும். ஆகவே துணியை வாசலில் போடாமல் வீட்டுக்குள் கொடி கட்டி உலர்த்தினார்கள்.

மூன்றாம் நாள் இஸ்திரி போட்டார்கள். வீட்டில் இஸ்திரிப் பெட்டி இல்லை. தெருவில் வண்டிக்காரரிடம் கொடுத்தார்கள். வண்டிக்காரர் இல்லாத ஊரில் இருப்பவர்கள், லேசான ஈரத்தோடு துணியை நீவி மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துப் படுக்கலாம். காலையில் மடிப்பு நேராக இருக்கும். பருத்திச் சேலைக்கு வடித்த கஞ்சியில் தண்ணீர் கலந்து தோய்த்தால் விறைப்பாக நிற்கும்.

நான்காம் நாள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். மகள் அந்த உடையிலேயே உட்கார்ந்தாள், குனிந்தாள், கையைத் தூக்கினாள். எங்கும் பிடிக்கவில்லை. சான்றிதழ்களை ஒரு கோப்பில் வைத்தாள். தன்னைப் பற்றிக் கன்னடத்தில் ஐந்து வாக்கியம் சொல்லிப் பார்த்தாள்.

அம்மா செலவை எழுதினார்:

சோப்பு – 20 ரூபாய்
நூலும் பொத்தானும் – 10 ரூபாய்
செருப்புத் தையல் – 30 ரூபாய்
இஸ்திரி – 20 ரூபாய்
சான்றிதழ் நகல் – 20 ரூபாய்
மொத்தம் – 100 ரூபாய்

ரயிலில்

தங்கவயலிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். காலை ரயிலில் நிற்கவும் இடம் இருக்காது. வீட்டில் போட்ட மடிப்பு பெங்களூர் வருவதற்குள் கசங்கிவிடும்.

அப்பா தினமும் அந்த ரயிலில் போகிறவர். அவர் ஒரு வழி சொன்னார். பழைய உடையோடு ரயில் ஏற வேண்டும். நல்ல உடையைச் செய்தித்தாளில் சுற்றி, மடிப்புக் கலையாமல் பையில் வைக்க வேண்டும். ஸ்டேஷனில் பெண்கள் காத்திருக்கும் அறையில் முகம் கழுவி உடை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு அரை மணி நேரம் கூடுதலாக வேண்டும். ஆகவே ஒரு ரயில் முன்னதாகவே கிளம்ப வேண்டும்.

பையில் சீப்பு, கைக்குட்டை, இரண்டு ஊக்கு, ஊசி நூல், செருப்பைத் துடைக்க ஒரு பழந்துணி ஆகியவற்றை வைத்தார்கள். தண்ணீர் பாட்டிலைத் தனியாக வைத்தார்கள். சான்றிதழ் நனையக்கூடாது அல்லவா?

என்ன நடந்தது?

மகள் 9.30 மணிக்கே மருத்துவமனையில் இருந்தாள். வராந்தாவில் பலர் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் அவளைவிட விலை உயர்ந்த உடை போட்டிருந்தார்கள். முதலில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு தன் கையைப் பார்த்தாள். நகம் சுத்தமாக இருந்தது. கூச்சம் குறைந்தது.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். “நோயாளி கட்டிலிலிருந்து விழுந்துட்டா என்ன செய்வே?” என்று கேட்டார்கள்.

“உடனே தூக்க மாட்டேன். பேச்சுக் கொடுத்து, நினைவு இருக்கான்னு பார்ப்பேன். எங்கே வலின்னு கேட்பேன். அவரை விட்டு நகராம நர்ஸைக் கூப்பிடுவேன். எலும்பு முறிஞ்சிருந்தா தூக்கும்போது இன்னும் கெடுதல்” என்றாள்.

பேசும்போது அவளுக்கு உடையின் நினைவே வரவில்லை. துப்பட்டா நழுவவில்லை. செருப்பு கடிக்கவில்லை. மனம் முழுவதும் கேள்வியில் இருந்தது.

ஆனாலும் அந்த வேலை கிடைக்கவில்லை. முன் அனுபவம் உள்ள ஒருவரை எடுத்துக்கொண்டார்கள்.

அன்று இரவு வீட்டில் வருத்தம் இருந்தது. கடன் இல்லை. வட்டிக்காரர் வாசலில் நிற்கவில்லை. மகள் சுடிதாரைத் துவைத்து, மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவமனை அழைத்தது. அதே நீலச் சுடிதார். அதே செருப்பு. இந்த முறை வேலை கிடைத்தது. செய்தி வந்ததும் அம்மா நான்காக மடித்த அந்தத் தாளைத் தேடி எடுத்தார். முதல் சம்பளம் வரும்போது மூன்று மாதம் ஆகியிருக்கும். வட்டி மட்டும் 450 ரூபாய் கொடுத்திருக்க வேண்டும். அந்தத் தாளை அவர் கிழித்துப் போடவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

மகனும் பட்டறைத் தேர்வுக்குப் போய்வந்தான். இயந்திரத்தைத் தொடுமுன் மேற்பார்வையாளர் ஒவ்வொருவர் கையையும் பார்த்தாராம். காப்புப் போட்டிருந்தவர்களைக் கழற்றிவிட்டு வரச் சொன்னாராம். இவன் வரிசையை விட்டு நகர வேண்டியிருக்கவில்லை. முடிவுக்காகக் காத்திருக்கிறான்.

மற்ற வேலைகளுக்கு

எல்லா வேலைக்கும் ஒரே உடை பொருந்தாது. அந்த வேலையில் ஏற்கெனவே இருப்பவர்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் தினமும் உடுத்துவதைப் போல, அதைவிடச் சற்றுத் திருத்தமாக உடுத்த வேண்டும்.

அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் பருத்திச் சேலை அல்லது சுடிதார் நல்லது. குழந்தைகளோடு தரையில் உட்கார வசதியாக இருக்க வேண்டும்.

அலுவலகத்துக்கும் கடைக்கும் வெளிர் நிறச் சட்டை, அடர் நிறப் பேன்ட் போதும். பெரிய எழுத்தும் படமும் உள்ள சட்டை வேண்டாம்.

காவலர் வேலைக்கு முகச் சவரம் செய்திருக்க வேண்டும், அல்லது தாடியைச் சீராக வெட்டியிருக்க வேண்டும். ஷூ பளிச்சென்று இருக்க வேண்டும்.

சமையல் வேலைக்கு நகமும் முடியும்தான் முதலில் கண்ணில் படும்.

அவரவர் அடையாளம்

நேர்காணலுக்காக யாரும் தம் அடையாளத்தை மறைக்க வேண்டியதில்லை. சீக்கியரின் தலைப்பாகை, முஸ்லிம் பெண்ணின் முக்காடு, நெற்றிப் பொட்டு, சிலுவை எல்லாமே சுத்தமாகவும் சீராகவும் இருந்தால் மரியாதையான உடைதான். அரசு வேலையில் எல்லாருக்கும் சம வாய்ப்பு உண்டு என்று அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு சொல்கிறது. மதம், சாதி, பால், பிறந்த இடம் போன்றவற்றை மட்டும் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக்கூடாது.

ஏமாற வேண்டாம்

“வேலை உறுதி. சீருடைக்கு மட்டும் முதலில் பணம் கட்டுங்கள்” என்று சிலர் கைபேசியில் சொல்வார்கள். பணம் போனபின் அவர்களைப் பிடிக்க முடியாது. முகம் தெரியாதவருக்குப் பணம் அனுப்பக்கூடாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசின் சி, டி பிரிவு வேலைகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் நீக்கப்பட்டுவிட்டது. அரசிதழ்ப் பதிவு பெறாத பி பிரிவு வேலைகளுக்கும் அப்படியே. “அந்த நேர்காணலில் உங்களைத் தேர்வு செய்ய வைக்கிறேன்” என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி.

நினைவில் கொள்வோம்

• உடை சுத்தமாக, கிழியாமல், அளவாக இருந்தால் போதும். புதிதாக இருக்க வேண்டியதில்லை.
• வேலைக்கு ஏற்ற உடையே நல்ல உடை.
• நகம், முடி, செருப்பு ஆகிய மூன்றையும் மறக்கக்கூடாது.
• முன்னதாகவே ஒரு நாள் போட்டுப் பார்க்க வேண்டும்.
• உடைக்காகக் கடன் வாங்கக்கூடாது.

பேசுவோம்

1. அம்மா ஏன் கடன் வாங்க நினைத்தார்? அவர் பயந்தது சரியா?
2. மருத்துவமனை வேலைக்கு வளையல் ஏன் கூடாது?
3. வேலை கிடைக்காத நாளிலும் அந்தக் குடும்பத்துக்கு எது ஆறுதலாக இருந்தது?
4. உங்கள் ஊரில் மக்கள் எந்தெந்த வேலைக்குப் போகிறார்கள்? அதற்கு எந்த உடை ஏற்றது? ஏன்?

கணக்குப் போடுவோம்

ஒருவர் 2,000 ரூபாய் கடன் வாங்கினார். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி. மாதம் எவ்வளவு வட்டி? எட்டு மாதத்துக்கு எவ்வளவு?

எழுதுவோம்

உங்கள் வீட்டில் ஒருவர் நேர்காணலுக்குப் போகிறார். நான்கு நாட்களில் என்னென்ன செய்ய வேண்டும்? ஒரு தாளில் நாள்வாரியாக எழுதுங்கள். எவ்வளவு செலவாகும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.